பொட்டில்லாத முகம்

அந்த போன் வந்த நாளிலிருந்து அமுதவள்ளிக்குப் பார்க்கிற முகமெல்லாம் போட்டுக்கொடுத்த முகமாகத் தெரிந்தது.

பேசியவர் சமூகநல அதிகாரி சல்மா; மலாய் மரியாதைப்படி புவான் சல்மா. கெட்டவர் இல்லை. மூன்று தடவை கிள்ளானில் அமுதவள்ளியின் வீட்டுக்கு வந்து, அலமாரியைத் திறந்து பிள்ளையின் துணிமணியைப் பார்த்து, குளிர்பெட்டியைத் திறந்து பாலைப் பார்த்து, கடைசியில் பிள்ளை மாதவி நீட்டிய முறுக்கையும் தின்றுவிட்டுப் போனவர்தான். அமுதவள்ளி அப்போது பிரிக்பீல்ட்ஸில், தான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கின் கவுண்டரில் உட்கார்ந்திருந்தாள்.

"புவான் அமுதா, பதற வேண்டாம்," என்று மலாயில் ஆரம்பித்தார்.

அப்படி ஆரம்பிக்கிற பேச்சு எதுவும் நல்லபடியாக முடிந்ததில்லை. யாரோ பெயர் சொல்லாமல் அலுவலகத்துக்கு போன் செய்திருக்கிறார்கள். அந்த இந்தியர் வீட்டில் இருக்கிற சீனப் பிள்ளை முறையாக வந்த பிள்ளை இல்லை, யாரிடமிருந்தோ தூக்கி வந்தது, விசாரியுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். புவான் சல்மாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் கோர்ட்டுக்குத் தரவேண்டிய அறிக்கையை முடிப்பதற்கு முன் இன்னொரு முறை வீட்டுக்கு வர வேண்டும் என்றார்.

கோர்ட் தேதிக்கு முப்பத்து மூன்று நாள் இருந்தது. அந்த ஒரு நாளுக்காக அமுதவள்ளியும் அவள் கணவன் வாசுவும் நாலு வருடமாகக் காத்திருக்கிறார்கள். மாதவி பிறந்து எட்டாம் நாள் அவர்கள் கைக்கு வந்தாள். பெற்றவள் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த சின்ன வயதுச் சீனப் பெண். பிள்ளையை ஒப்படைத்துவிட்டு ஊர் மாறிப் போய்விட்டாள். சம்மதக் கையெழுத்துக்காக அவளைத் தேடிப் பிடிக்கவே மூன்று வருடத்துக்கு மேல் ஆயிற்று. இப்போது கையெழுத்து வந்துவிட்டது. நீதிபதி உத்தரவு போட்டால் மாதவி சட்டப்படி இவர்கள் பிள்ளை. போடாவிட்டால் என்ன ஆகும் என்று அமுதவள்ளி நினைத்ததே இல்லை என்பாள். தினமும் நினைத்தாள், யாரிடமும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம் வாசுவிடம் சொன்னாள். வாசு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். உயரத்தில் உட்கார்ந்து பழகியதாலோ என்னவோ, கீழே நடப்பது எதுவும் அவனுக்குப் பெரிதாகத் தெரியாது.

"எவனாச்சும் வேல வெட்டி இல்லாதவன் பண்ணியிருப்பான். விடுலா," என்றான்.

"எவனோ இல்லங்க. நம்ம வீட்டு விஷயம் தெரிஞ்சவங்க."

"தெரியாதவன் யாரு இருக்கா? நாம மூணு பேரும் ரோட்டுல நடந்தா போதாதா?"

அது என்னவோ உண்மை. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பேரங்காடியில், வாசுவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்த மாதவியைக் காட்டி, இதன் அம்மா எங்கே என்று காவலாளி கேட்டான். பக்கத்திலேயே நின்ற அமுதவள்ளி நான்தான் என்றதும் இன்னொரு காவலாளியையும் கூப்பிட்டான். கொமுட்டர் ரயிலில் எதிரே உட்கார்ந்த சீனப் பெண்மணி மாதவிக்கு மிட்டாய் கொடுத்து, அமுதவள்ளியிடம் மலாயில், முதலாளி நல்லவரா, ஞாயிற்றுக்கிழமை லீவு தருகிறாரா என்று அன்பாக விசாரித்தாள். சொந்த ஜனம் மட்டும் சும்மாவா இருந்தது? கல்யாண மண்டபத்தில், "எங்க கிடைச்சிச்சு?" என்பார்கள், நல்ல கறுப்பு வவ்வால் மீன் எங்கே கிடைத்தது என்று கேட்கிற அதே குரலில். வாசுவின் அண்ணி தங்கமணி ஒரு படி மேலே போய், "என்னதான் ஊட்டி வளத்தாலும் பெரிசானா அவங்க ஆளுங்ககிட்டயே போயிடும்லா," என்றாள். பிள்ளை பக்கத்தில் நின்று ஜாங்கிரி தின்றுகொண்டிருந்தது.

இதற்கெல்லாம் அமுதவள்ளி ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். வெளியே கிளம்பினால் மாதவிக்கு எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னுவாள். பாவாடை சட்டை, கண்ணாடி வளையல், கொலுசு. நெற்றியில் இருபது காசு நாணயம் அளவுக்குக் கறுப்புப் பொட்டு. இத்தனையும் இருந்தால் பத்துப் பேரில் நாலு பேர் கேள்வி கேட்காமல் போய்விடுகிறார்கள் என்பது அவள் கணக்கு. மீதி ஆறு பேரை அவளே பார்த்துக்கொள்வாள்.

இப்போது அந்த ஆறு பேரில் யார் போன் போட்டது என்பதுதான் கேள்வி. அண்ணியாக இருக்கலாம். சாதாரணமாகப் பேசுவதுபோல அவளுக்கு போன் போட்டு, வெல்ஃபேர் ஆபீசு எங்கே இருக்கிறது தெரியுமா என்று கேட்டுப் பார்த்தாள். அண்ணி தெரியாது என்றாள். இவ்வளவு சீக்கிரம் தெரியாது என்பானேன் என்று அதற்கும் சந்தேகம் வந்தது. கீழ்மாடி பரமேஸ்வரன் அங்கிளாக இருக்கலாம். யார் வீட்டுக்கு எத்தனை பொட்டலம் வருகிறது என்று எண்ணுகிறவர். மாதவி போகும் பாலர்பள்ளியான தடிக்காவின் ஆசிரியையாகக்கூட இருக்கலாம். போன வாரம் பிள்ளையின் பிறப்புப் பத்திர நகலை மறுபடி கேட்டாளே. அமுதவள்ளி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பல் பிடுங்க வந்தவர்கள்கூட அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ரொம்ப வலிக்குமா என்று கேட்டார்கள்.

இந்த நிலையில்தான் ஒரு சீனப் பெண்மணி கண்ணில் பட்டாள்.

முதலில் ஞாயிற்றுக்கிழமை காலைப் பாசாரில். அறுபதுக்கு மேல் வயது. ஒட்ட வெட்டிய நரைமுடி, வெளுத்த டீ-சட்டை, கறுப்புக் காற்சட்டை, கையில் முருங்கைக்கீரைக் கட்டு. இப்போதெல்லாம் சீனர்களும் இனிப்புநீர் வியாதிக்கு முருங்கைக்கீரை தின்கிறார்கள் என்று அமுதவள்ளி கேள்விப்பட்டிருந்தாள். அதனால் கீரை அவளுக்கு உறுத்தவில்லை. பார்வைதான் உறுத்தியது. அந்தப் பெண்மணி மாதவியின் பொட்டில் ஆரம்பித்துக் கொலுசு வரை பார்த்துவிட்டு, மறுபடி பொட்டுக்கு வந்தாள். "அம்மா, மாம்பழம் வேணும்," என்று மாதவி சொன்னதும் அவள் முகம் மாறியது. தொலைத்த சாமானைக் கண்டவர்களின் முகம் அப்படித்தான் மாறும் என்று அமுதவள்ளி முடிவு செய்தாள். மாம்பழம் வாங்காமலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

இரண்டாவது தடவை தடிக்கா வாசலில். சாலைக்கு அந்தப் பக்கம் மரத்தடியில் அவள் நின்றாள். வேறெதையும் பார்க்கவில்லை, கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அமுதவள்ளி சாலையைக் கடந்து அவளை நோக்கி நடந்தாள். அந்தப் பெண்மணி ஒரு கணம் பார்த்துவிட்டு விறுவிறுவென்று மறுபக்கம் போய்விட்டாள். மடியில் கனமில்லாதவள் ஏன் ஓட வேண்டும்? பெற்றவளின் அம்மாவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெரியம்மா. கையெழுத்துப் போட்டவள் மனசு மாறி ஆள் அனுப்பியிருக்கிறாள். போன் போட்டதும் இவர்கள்தான். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தியது என்பதே அவளுக்குப் போதுமான சாட்சியாக இருந்தது.

மூன்றாவது தடவை வெள்ளிக்கிழமை, அம்மன் கோயிலில். கோயிலுக்குச் சீனர்கள் வருவது புதிதில்லை. ஊதுபத்தி ஏற்றுவார்கள், லாட்டரிக்கு நாலு நம்பர் கேட்பார்கள், போவார்கள். இவள் நம்பர் கேட்க வந்தவளாகத் தெரியவில்லை. குங்குமம் கொடுத்துக்கொண்டு வந்த ஐயர் இவளைத் தாண்டிப் போனார்; இவளும் கை நீட்டவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து மாதவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைப்பேசியை எடுத்து, கையை நீட்டி, முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

படம் எடுக்கிறாள் என்று அமுதவள்ளி நினைத்தாள். தூணுக்கு மறைவில் உட்கார்ந்தபடியே தன் கைப்பேசியை எடுத்து அவளைப் படம் எடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் தமிழிலும் மலாயிலும் எழுதினாள். "கவனம். இந்தச் சீனப் பெண்மணி நம் தாமானில் சின்னப் பிள்ளைகளைப் பின்தொடர்கிறார். பாசாரிலும் தடிக்கா வாசலிலும் கோயிலிலும் பார்த்தோம். பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்." பார்த்தோம் என்று எழுதினாள். பார்த்தது அவள் ஒருத்திதான்.

மறுநாள் காலை அதே செய்தி அண்ணியிடமிருந்து அவளுக்கே வந்தது. அதில் இப்போது ஒரு வெள்ளை வேனும் சேர்ந்திருந்தது. மத்தியானம் கிளினிக்கில் பல் டாக்டர், "அமுதா, இது உங்க ஏரியாதானே?" என்று காட்டியபோது, பக்கத்துத் தாமானில் இரண்டு பிள்ளைகளைக் காணவில்லை என்றும் இருந்தது. வேனையும் பிள்ளைகளையும் யார் சேர்த்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்சம் பயமாக இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் பரமேஸ்வரன் அங்கிள் கீழ்மாடியிலிருந்து கூப்பிட்டு, "பிள்ளைய பாத்துக்கம்மா, நானும் கேட்ட பாத்துக்கிறேன்," என்றார். மாதவி கைக்கு வந்த நாலு வருடத்தில் முதன்முறையாக ஊர் அவள் பக்கம் நின்றது. அந்தச் சுகத்தில் வேனை அவள் மறந்துவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பெண்மணி மறுபடி கோயிலுக்கு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கோயில் கமிட்டி கமலநாதன் குறுக்கே வந்து நின்றார். அவர் பின்னால் நாலைந்து பேர்.

"ஆன்டி, இங்கே என்ன வேலை?" என்று மலாயில் கேட்டார்.

"சாமி கும்பிடத்தாம்பா வந்தேன்," என்றாள் அவள், தமிழில்.

கமலநாதன் திரும்பிப் பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். அதற்குள் அவள் கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, உள்ளே இருந்த அடையாள அட்டையை உருவி நீட்டினாள். கேட்பதற்கு முன்பே எடுத்தாள்; பழகிய கை.

"எம்பேரு தனலெட்சுமி. எங்கப்பா பேரு கன்னையா, செந்தூல் ரயில்வே ஒர்க்‌ஷாப்புல முப்பது வருஷம் வேல செஞ்சவரு. பிறந்து பத்து நாள்ல என்னைய தூக்கிட்டு வந்து வளத்தாங்க. அந்தப் பத்திரமும் உள்ளதான் இருக்கு, பாத்துக்க. போன வருஷம் எங்க வீட்டுக்காரரு தவறிட்டாரு. இப்ப மவன் வீட்டுல, இங்கதான் பி பிளாக்குல இருக்கேன். இன்னும் என்ன வேணும் தம்பி?"

ஒரு சொல் பிசகாத செந்தூல் தமிழ். கமலநாதனுக்கு வேர்த்துவிட்டது. "இல்ல ஆன்டி, குரூப்புல ஒரு படம்…" என்று இழுத்தபடி கைப்பேசியைக் காட்டினார். அவள் கையை முழுக்க நீட்டி, எட்டத்தில் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடி இல்லாதவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"இது தூணுக்கு அந்தப் பக்கத்துல இருந்து எடுத்தது," என்றாள்.

எல்லோரும் தூணைப் பார்த்தார்கள். வெள்ளிக்கு வெள்ளி அவரவர் ஒரே இடத்தில்தான் உட்காருவார்கள். அமுதவள்ளி மாதவியை மடியில் வைத்துக்கொண்டு அதே தூணடியில்தான் உட்கார்ந்திருந்தாள். கொலுசுத் திருகு கழன்றுவிட்டதுபோல குனிந்து பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் போலீஸ் புகார், புகார் போனால் கோர்ட், கோர்ட் என்றால் மாதவி. அவள் வாயைத் திறக்கவில்லை. நிமிர்ந்தபோது தனலெட்சுமி செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு, சாமி கும்பிடாமலே போய்க்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து செய்தியை அழிக்கப் பார்த்தாள். நேரம் கடந்துவிட்டது, அழியவில்லை. "அந்தச் செய்தி தவறு, யாரும் பகிர வேண்டாம்," என்று எழுதிப் போட்டாள். இரண்டு பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள். அதை யாரும் யாருக்கும் அனுப்பவில்லை.

திங்கட்கிழமை புவான் சல்மா கூப்பிட்டார்.

"புவான் அமுதா, ஒரு செய்தி எங்கள் குடும்ப குரூப்புக்கே வந்தது. உங்கள் தாமான் பெயர் போட்டிருக்கிறது. அந்தச் சீனப் பெண் பின்தொடர்வது மாதவியையா? பெற்றவளின் உறவா? அப்படியென்றால் நான் விசாரிக்காமல் அறிக்கை தர முடியாது. தேதி தள்ளிப்போகும்."

"உறவு இல்லை புவான். அவர் இந்தியர்."

"படத்தில் இருப்பவர் சீனர்."

"இல்லை புவான்."

"சனிக்கிழமை பத்து மணிக்கு வருகிறேன். அவரையும் நேரில் பார்க்க முடியுமா?" என்றார். எவளுடைய பெயரை நாற அடித்தாளோ, அவள் கையில்தான் இப்போது பிள்ளை இருந்தது.

அன்று மாலையே பி பிளாக்குக்குப் போனாள். கதவைத் திறந்தவன் மகன் திருச்செல்வம். நல்ல கறுப்பு, சுருட்டை முடி. அம்மாவின் சாயல் கண்ணில் மட்டும் இருந்தது. இவள் யாரென்று சொல்லாமலே அவனுக்குப் புரிந்தது.

"போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணலாம்னு கிளம்பினேன். அம்மாதான் வேணாம்னிச்சு. உங்களுக்காக இல்ல. ஸ்டேஷன்ல மறுபடி முதல்லேருந்து யாருன்னு சொல்லணும், அதுக்கு அலுத்துக்கிட்டு," என்றான்.

தனலெட்சுமி கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். உட்கார் என்று சொல்லவில்லை. அமுதவள்ளி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்: போன் வந்தது, கோர்ட் தேதி, பாசார், தடிக்கா. சொல்லும்போதே அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"தடிக்காவுக்கு எம்பேரன கூப்பிட வந்தேன்," என்றாள் தனலெட்சுமி. "நீ வந்த வேகத்த பாத்து, சரி, திட்டத்தான் வருதுன்னு நடந்துட்டேன். அப்படி வந்து திட்டுனவங்க நெறைய பேரு. நீ போனப்புறம் வந்து பிள்ளைய கூப்பிட்டுக்கிட்டேன்."

"கோயில்ல ஏன் ஆன்டி எம்பிள்ளையவே பாத்தீங்க?"

தனலெட்சுமி மடித்த துணியை விரித்து மறுபடி மடித்தாள்.

"அதோட பொட்டத்தான் பாத்தேன். எங்கம்மாவும் அந்த அளவுலதான் வைக்கும். பயந்தவங்க வைக்கிற அளவு அது."

அமுதவள்ளிக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது.

"அவரு இருந்த வரைக்கும் எனக்கும் பொட்டு இருந்திச்சு, பூ இருந்திச்சு, சேல கட்டினேன். செந்தூல்ல என்னைய யாரும் ஒண்ணும் கேட்டதில்ல. பதினாறாம் நாளு காரியத்துல நாத்தனாருங்க பொட்ட அழிச்சாங்க. எல்லா பொம்பளைக்கும் செய்றதுதான், நானும் கம்முனு உக்காந்திருந்தேன். இங்க வந்தப்புறந்தான் தெரிஞ்சிச்சு. ஒரு கடையிலயும் என்கிட்ட தமிழ் பேச மாட்டேங்குறாங்க. சீனவங்க சீனத்துல பேசுறாங்க, எனக்கு ஒரு சொல்லு புரியாது. நம்மாளுங்க மலாய்ல பேசுறாங்க. ஐயரு குங்குமத்த தள்ளிக்கிட்டுப் போறாரு. அறுபத்தி மூணு வயசுல சீனச்சி ஆயிட்டேன்."

"மறுபடி வெச்சுக்கலாமே ஆன்டி. இப்ப எத்தனையோ பேரு வைக்கிறாங்க."

"வெச்சேனே. ஒரு நாளு. புருசன் போயும் பொட்டு வைக்கிறா பாரு, என்ன இருந்தாலும் சீனச்சிதானேன்னு நாத்தனாரு சொன்னாங்க." அவள் சிரிக்கவில்லை, அழவுமில்லை. "மத்த பொம்பள வெச்சா துணிச்சல். நான் வெச்சா ரத்தம்."

சனிக்கிழமை வரச் சொல்லிக் கேட்க அமுதவள்ளிக்கு நாக்கு எழவில்லை. ஆனாலும் கேட்டாள். பிள்ளைக்காகக் கேட்கும்போது மானம் ரோசமெல்லாம் பார்க்க முடியுமா?

"வரேன்னு சொல்ல மாட்டேன்," என்றாள் தனலெட்சுமி. "பாக்கலாம்."

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து வாசு ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தான். "படத்த நீதான் அனுப்பினன்னு மட்டும் வாய விட்டுறாத அமுதா. குரூப்புல யாரோ போட்டாங்கன்னு சொல்லிடு. அவங்களுக்கு எப்படித் தெரியப் போவுது?" அமுதவள்ளி தலையை ஆட்டினாள். பத்து மணிக்குப் புவான் சல்மா வந்துவிட்டார். பத்தரை ஆயிற்று, தனலெட்சுமி வரவில்லை. வாசு பால்கனிக்கும் கூடத்துக்குமாக நடந்தான். புவான் சல்மா இரண்டாவது தடவையாகக் கடிகாரத்தைப் பார்த்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது.

தனலெட்சுமி வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். புவான் சல்மா அடையாள அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். பிறகு, தப்பாக நினைக்க வேண்டாம், இது என் வேலை என்றார். அட்டையைக் கொடுத்தவள் பழக்கமாகிவிட்டது என்றாள். தடிக்கா, பேரன், கோயில் எல்லாவற்றையும் மலாயில் சுருக்கமாகச் சொன்னாள். புவான் சல்மா எழுதிக்கொண்டார்.

"சரி. இந்தச் செய்தியைப் பரப்பியது யார்?" என்று கேட்டார். "அதுவும் என் அறிக்கையில் வர வேண்டும்."

தனலெட்சுமி அமுதவள்ளியைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். அவள் காட்டிக்கொடுக்கப்போவதில்லை என்று அமுதவள்ளிக்குத் தெரிந்துவிட்டது. சும்மா இருந்தால் போதும். பத்து நாளில் உத்தரவு வந்துவிடும். வாசு கண்ணாலேயே கெஞ்சினான்.

"நான்தான் புவான்," என்றாள் அமுதவள்ளி.

பேனா நின்றது. "ஏன்?"

"பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தைப் பார்த்தேன், சீனர் என்று நினைத்தேன், பிள்ளையை எடுக்க வந்தவர் என்று முடிவு செய்துவிட்டேன். எங்களை எல்லோரும் எப்படிப் பார்க்கிறார்களோ, அப்படித்தான் நானும் பார்த்தேன்."

வாசு தலையில் கை வைத்துக்கொண்டான். புவான் சல்மா அதை அப்படியே எழுதினார். பிறகு தனலெட்சுமியின் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் இப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவர். இந்தப் பெண்ணால் கஷ்டப்பட்டவரும் நீங்கள்தான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

"இவள் செய்தது தப்பு. எழுதிக்கொள்ளுங்கள்," என்றாள் தனலெட்சுமி. "என் படம் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எட்டு நாளாக வெளியே போகவில்லை, இன்றைக்குத்தான் வந்தேன். வரும்போது மின்தூக்கியில் ஒரு பெண் தன் பிள்ளையை இழுத்துப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்."

புவான் சல்மா எழுதினார்.

"பிள்ளைக்காக இவள் ஊரையே சந்தேகப்பட்டாள். என்னைக்கூட விடவில்லை. இவளிடமிருந்து பிள்ளையை நீங்களே கேட்டாலும் தர மாட்டாள். என்னை வளர்த்தவளும் இப்படித்தான் இருந்தாள். அவளோடு ஒரு கல்யாணத்துக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. ஆனால் நான் அவள் பிள்ளை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்."

புவான் சல்மா அதையும் எழுதினார். தாளை மடித்துப் பையில் வைத்து, தேதி மாறாது என்றார். வாசலில் காலணி மாட்டும்போது அமுதவள்ளியின் கையை ஒருமுறை பிடித்துவிட்டுப் போனார். முதலில் போன் போட்டது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை.

வாசு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். தனலெட்சுமி எழுந்தாள். அவளுக்கு வைத்த காப்பி ஆடை கட்டி அப்படியே இருந்தது.

"ஆன்டி, வர்ற வெள்ளிக்கிழம கோயிலுக்கு நானே வந்து கூட்டிட்டுப் போறேன்," என்றாள் அமுதவள்ளி. "நா கூட இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க."

தனலெட்சுமி அவளை முதன்முறையாக நேராகப் பார்த்தாள்.

"கூட ஆளு இருந்தாத்தான் போவ முடியும்னு இருந்தது, எங்கம்மா காலத்துல. மறுபடி அப்படி ஆக்கிட்டியேம்மா," என்றாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு நடைபாதையில் போனாள். மின்தூக்கிப் பக்கம் போகவில்லை. ஏழு மாடியையும் படியிலேயே இறங்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அமுதவள்ளி வாசலிலேயே நின்றாள். வெட்கமாக இருந்தது. தேதி மாறாது என்ற சந்தோஷமும் கூடவே இருந்தது, அது இன்னும் வெட்கமாக இருந்தது.

உள் அறையிலிருந்து மாதவி ஓடி வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, அந்த சீன ஆன்டி போயிட்டாங்களா?"

வாசு தலையை நிமிர்த்தினான். மாதவி பதிலுக்காக முகத்தை அண்ணாந்து காத்திருந்தாள். அந்தப் பேச்சைப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று அமுதவள்ளி இந்த முறை வேறு யாரையும் சந்தேகப்படவில்லை.